ஊசிப்போன வெளிச்சம்

ஆடிப் பதினெட்டுக்கு மூன்றாம் நாள், புதன்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு, பனியன் ஊரின் வடக்கு ஓரத்தில் சாயக் கால்வாயை ஒட்டி இருந்த ஓர் ஏற்றுமதி கம்பெனியின் செக்கிங் ஹாலில் வெளிச்சம் ஊசிப்போனது.

மங்கிப்போனது என்று அர்த்தமில்லை, அணைந்துபோனது என்றும் அர்த்தமில்லை. தட்டைப்பயறுச் சுண்டலை டிபன் டப்பாவில் மறந்துவைத்து மறுநாள் மத்தியானம் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஊசிப்போனது. ஏழாம் நம்பர் மேசையில் நின்றிருந்த வேலாத்தா, கடல் கடந்து எங்கேயோ இருக்கும் ஒரு கைக்குழந்தைக்காகத் தைத்த வெள்ளைச் சட்டையை விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூக்கியபோது, மேசைக்கும் சட்டைக்கும் நடுவில் வெளிச்சம் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அவள் சட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். நூலும் உயர்ந்தது, இளைத்தது, அறுந்தது. அறுந்த நுனி அவள் புறங்கையில் சொத்தென்று விழுந்து ஒட்டிக்கொண்டது. அவள் அதை முகர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

"ரெஜினாக்கா, இங்க வந்து இத மோந்து பாருங்க."

பக்கத்து மேசை ரெஜினாமேரி திண்டுக்கல்லிலிருந்து பிழைக்க வந்தவள், மூன்று பிள்ளைகளுக்குத் தினமும் சோறு கட்டிக்கொடுக்கிறவள். ஒரே மூச்சில் அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஐயே! எவ டப்பாவைத் தொறந்து வச்சது?"

"டப்பா இல்லக்கா. லைட்டு."

ரெஜினாமேரி அண்ணாந்து பார்த்தாள். நாற்பத்தெட்டு ட்யூப் லைட்டும் எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தன; ஆனால் அவற்றிலிருந்து வெளிச்சம் வடிகஞ்சிபோல, அவசரமே இல்லாமல், இறங்கிக்கொண்டிருந்தது. "ஊசித்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் பனியன் வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு துணியை உருவி, தன் மேசையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள். அன்றைக்குள் இரண்டாயிரம் சட்டை பார்த்தாக வேண்டும்.

ஏன் ஊசிப்போனது என்பதற்குப் பிற்பாடு பலரும் பல காரணம் சொன்னார்கள். அணைத்துப் போட்டால் ட்யூப் சீக்கிரம் போய்விடும் என்பது அந்தக் கம்பெனி எலக்ட்ரீஷியனின் அசையாத நம்பிக்கை. ஆகவே மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து நான்கு வருஷமாக அந்த ஹாலில் விளக்கை யாரும் அணைத்ததே கிடையாது. தெருத் தூசி வெள்ளைத் துணியில் படியக் கூடாதென்று ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்து, அட்டையைச் சுற்றி டேப்பும் ஒட்டியிருந்தார்கள். உள்ளே விழுந்த வெளிச்சம் வெளியே போக வழியில்லாமல், ஆறுவதற்கு நேரமும் இல்லாமல், பழையதின்மேல் புதியது, புதியதின்மேல் இன்னும் புதியது என்று நான்கு வருஷம் அடைந்து கிடந்திருக்கிறது. எந்தச் சமையலறையிலும் இதற்கு ஒரே முடிவுதான். காரணத்துக்கு இவ்வளவு மரியாதை போதும்.

இது மாசிலாமணி என்பவருடைய கதை. நாற்பத்தேழு வயது. எதைப் பார்த்தாலும் குமட்டும் சுபாவம். ஓட்டலில் டம்ளரை மூன்று தடவை கழுவிவிட்டு நான்காம் தடவை முகர்ந்து பார்ப்பார்; பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கப் பழகி, அதற்காகவே ஊரில் பெயர் பெற்றிருந்தார்; கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் இதுதான் காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. பழைய இலக்கணக்காரர்கள் மனிதனின் மெய்ப்பாடுகளை எட்டாகப் பிரித்தபோது, சிரிப்புக்கும் அழுகைக்கும் அடுத்த நாற்காலியில், பயத்துக்கும் முன்னால், இளிவரல் என்ற அருவருப்பை உட்காரவைத்தார்கள். மாசிலாமணியைக் கேட்டிருந்தால் முதல் நாற்காலியையே கொடுத்திருப்பார்.

அவர் தொழில் வெளிச்சத்தை அளப்பது. ஒரு மெழுகுவத்தியை ஏற்றி ஒரு மீட்டர் தள்ளி ஒரு காகிதத்தைப் பிடித்தால் அதில் விழுவது, ஏறக்குறைய, ஒரு லக்ஸ். பௌர்ணமி நிலா அதில் கால்வாசிகூடத் தேறாது. உச்சி வெயில் லட்சத்தைத் தொடும். இந்த இரண்டுக்கும் நடுவில் செக்கிங் மேசைக்கு ஆயிரம் லக்ஸ் வேண்டும் என்பது துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் போட்ட விதி. அந்த ஆயிரம் இருக்கிறதென்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் மாசிலாமணி. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஒரு பெட்டித் துணிகூடக் கப்பல் ஏறாது.

அவருடைய லக்ஸ் மீட்டர் கையகல டப்பா. அதிலிருந்து ஒரு சுருள் ஒயர். ஒயரின் முனையில் பாதியாக அறுத்த காடை முட்டைபோல ஒரு வெள்ளைக் குமிழ். குமிழுக்கு ஒரு கறுப்பு மூடி. அளப்பதற்கு முன்னால் மூடியைப் போட்டபடியே மீட்டரை முடுக்கி, பூஜ்ஜியம் வரும்வரை காத்திருப்பார். வந்த பிறகே மூடியைக் கழற்றி, குமிழை மேசைமேல் வைத்து, தன் நிழல் விழாதபடி இரண்டடி தள்ளி நின்று, எண்ணைப் படிப்பார். எல்லாம் முடிந்ததும் மறுபடி மூடியைப் போட்டு, மறுபடி பூஜ்ஜியம் வருகிறதா என்று பார்ப்பார். முன் பூஜ்ஜியம், பின் பூஜ்ஜியம். மூடினால் இருட்டு தெரியாத கருவிக்குத் திறந்தால் வெளிச்சம் மட்டும் எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. பத்தொன்பது வருஷத்தில் கண்ணால் பார்க்காத ஓர் எண்ணை அவர் எழுதியதில்லை.

வெளிச்சம் ஊசிப்போன ஒன்பதாம் நாள் அந்தக் கம்பெனிக்கு அவர் முறை வந்தது.

"வாங்ணா, வாங்" என்று மேனேஜர் பொங்கியண்ணன் கேட்டுக்கே வந்து அழைத்தார். "உள்ள கொஞ்சம் வாசமடிக்கும். கண்டுக்காதீங்க."

"எலி செத்துக் கெடக்குதா?"

"அதெல்லாம் இல்லீங்ணா. லைட்டுத்தான்."

ஒன்பதே நாளில் ஹால் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. மேசைக்கு ஒரு துடைக்கும் துணி, நாலு மேசைக்கு ஒரு மக் புளித் தண்ணீர், மூக்கைச் சுற்றிக் கட்டிய பனியன் துண்டு, மணிக்கு ஒருமுறை தரையில் தேங்கிய வெளிச்சத்தைத் தள்ளுவதற்கு ரப்பர் பட்டை வைத்த கட்டை. மாசிலாமணி வாசலில் நின்றார். அவர் செருப்பு தரையிலிருந்து விடுபடும்போது 'பச்சக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவர் உள்ளங்காலில் தொடங்கி, முதுகுத்தண்டு வழியாக ஏறி, நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் முன் பூஜ்ஜியம் பார்த்தார். வந்தது. மூடியைக் கழற்றி, ஒன்றாம் மேசையிலிருந்து தொடங்கினார். குமிழை வைக்கும் இடத்திலெல்லாம் அது அமிழ்ந்தது. எடுக்கும்போதெல்லாம் நூல் விட்டது. ஏழாம் மேசைக்கு வந்தபோது குமிழ் முழுக்க ஒரு மஞ்சள் வழவழப்பு பூசியிருந்தது.

"எத்தனைங்க காட்டுது?" என்று கேட்டாள் வேலாத்தா.

"ஆயிரத்து எண்பது."

"அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"ஆயிரத்துக்கு மேலன்னா பாஸுங்கம்மா."

"ஊசிப்போனது அதுல தெரியாதுங்களா?"

"எவ்வளவுன்னுதான் இது சொல்லும். எப்படின்னு சொல்லாது."

"எங்க வீட்டுக்காரரும் அதே ரகந்தான் சார்" என்றாள் ரெஜினாமேரி, துணியைப் பிழிந்துகொண்டே. "சோறு எவ்வளவுன்னு மட்டும்தான் பாப்பாரு."

ஹாலே சிரித்தது. மாசிலாமணியால் சிரிக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் உள்ளே போய்விடும் என்று பயந்தார். அவர் கையிலிருந்த படிவத்தில் நான்கு கட்டங்கள்: இடம், உயரம், லக்ஸ், முடிவு. ஐந்தாவதாக, கட்டைவிரல் அகலத்துக்கு 'குறிப்பு' என்று ஒன்று. அதில் அவர் பேனாவைக் கொண்டுபோய் நிறுத்தினார். வெளிச்சம் நாறுகிறது என்று எழுதலாம். ஆனால் நாற்றத்துக்கு எந்த அலகு, அதை எந்தக் கருவியால் அளந்தீர் என்று கேட்டால் பதில் இல்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து ஒரு சொட்டு வெளிச்சம் படிவத்தின்மேல் விழுந்து, மெதுவாகப் பரவி, குறிப்புக் கட்டத்தை மூடியது. அவர் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டு, குமிழைப் பார்க்காமலே மூடியை அழுத்தி, மீட்டரைக் கைக்குட்டையில் சுற்றி, கைக்குட்டையைப் பிளாஸ்டிக் கவரில் திணித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினார்.

சாயக் கால்வாய் அன்றைக்கு ஊதா நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் கரையில் குனிந்து நின்று காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லியையும் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். பின் பூஜ்ஜியம் பார்க்கவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அந்த மூடியை மறுபடி திறப்பதா? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் சொன்ன முதல் 'நாளைக்கு' அதுதான்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டது, இரண்டாம் வாரம் மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டது, மூன்றாம் வாரம் அப்படி ஒன்றும் நாற்றமில்லையே என்றது, நான்காம் வாரம் அந்த வாசனை இல்லாத இடத்தில் ஏதோ குறைகிறது என்றது. வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் எலுமிச்சை ஊசிப்போனது, மிளகாய்க்கு ஒன்றுமாகவில்லை. ஒருநாள் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தபோது, நாற்பத்தெட்டு ட்யூபும் அணைந்த பிறகும் ஹாலில் வெளிச்சம் அப்படியே சுவரிலும் மேசையிலும் தரையிலும் அப்பிக்கொண்டு நின்றது. பொங்கியண்ணன் நாற்காலியைவிட்டு எழுந்து அதை நெடுநேரம் பார்த்தார். மறுநாள் ட்யூபுகளையெல்லாம் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி ஸ்டோரில் வைத்தார்கள். மின்சாரமே செலவழிக்காத முதல் செக்கிங் ஹால் என்று ஏற்றுமதியாளர் சங்கத்தில் பசுமைக் கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர் கம்ப்யூட்டர் திரையில் ஹாலைப் பார்த்துவிட்டு, இந்த வெளிச்சத்தில் ஏதோ ஒரு கனிவு இருக்கிறது, எங்கள் ஊரில் இது கிடைப்பதில்லை என்று மனம் நெகிழ்ந்து சொன்னார். அவருக்கு வாசனை போய்ச் சேரவில்லை.

அதற்குள் தெற்கே ஒரு கம்பெனியில் ஊசிப்போனது, பிறகு மேற்கே இரண்டில், பிறகு வாரத்துக்கு ஐந்தாறு என்று ஊர் முழுக்க. மெட்ராஸ் ஐ மாதிரி இது காற்றில் பரவும் என்றார்கள். பரவாத கம்பெனி முதலாளிகள், நமக்கு எப்போது வரும் என்று வாசலில் நின்று காற்றை முகர்ந்து பார்த்தார்கள்.

பெண்களால்தான் கண்ணை மூட முடியவில்லை. இமை மூடும், இருட்டு வராது. ஊசிப்போன வெளிச்சம் கண்ணுக்குள் போய் அங்கேயும் ஒட்டிக்கொண்டது. முதலில் இதையும் சிரிப்பாகத்தான் பேசினார்கள். "தூங்கிட்டே எந்தப் பய சர்க்கரையைத் திருடுறான்னு எனக்குத் தெரியுதுடி" என்றாள் ரெஜினாமேரி. அவளுக்குப் பிள்ளைகளின் சத்தத்தில் தூங்கிப் பழக்கம், வெளிச்சத்திலும் தூங்கிவிட்டாள். வேலாத்தாவுக்கு அது வரவில்லை. கறுப்புச் சேலையை நாலாக மடித்துக் கண்ணில் கட்டினாள். முகத்தின்மேல் தலையணையைப் போட்டு, தலையணைமேல் கையைப் போட்டாள். அரிசிப் பானைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். எங்கே போனாலும் அதே மஞ்சள் வழவழப்பு, அதே நூல். கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே நல்ல பிரகாசமாக இருக்கிறது, ஒரு குறையுமில்லை என்று சொட்டு மருந்து எழுதினார். இருபதாம் நாள் அவள் கறையில்லாத சட்டையில் கறையைப் பார்த்தாள். முப்பதாம் நாள் கறையுள்ள சட்டையில் கறையைப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டாம் நாள் நூல் வெட்டுகிற கத்தரியால், நூலென்று நினைத்துத் தன் சுண்டுவிரல் தோலை வெட்டிக்கொண்டாள். "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் போட்டுக்குவேன் அம்மிணி. தூக்கம் வர்லீன்னு சொல்றதெல்லாம் ஒரு காரணமா?" என்றார் பொங்கியண்ணன்.

நாற்பத்தொன்றாம் நாள், காலை பதினோரு மணிக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த மாசிலாமணியின் அறைக்கு அவள் படியேறிப் போனாள். அவர் டம்ளரை மூன்றாம் தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மீட்டர் சார், ஏழாம் நம்பர் மேசைங்."

அவருக்கு முகம் நினைவில்லை; வாசனையிலிருந்து தெரிந்தது. ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், இந்த ஸ்டூல்ல."

"இருட்டப் பாத்து நாப்பத்தோரு நாளாச்சுங். சொன்னா வேசங்கட்டறான்னு சொல்றாங்க. புருசன் சொல்றாரு, மேனேஜர் சொல்றாரு, டாக்டர் சொல்றாரு. நீங்க நம்பர் எழுதிக் குடுத்தா ஊரே நம்புதில்லீங்? எங் கண்ண மூடிக்கறேன். மேல வச்சு அளந்து, உள்ள எத்தனை இருக்குதுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. அது போதுங்."

மாசிலாமணி டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு மனிதக் கண்ணின்மேல், ஈரமான இமையின்மேல், தன் குமிழை வைப்பதா? ஆனால் அவளுடைய கேள்வியில் ஒரு முறை இருந்தது. இதுவரை அவரிடம் யாரும் இவ்வளவு சரியான ஓர் அளவைக் கேட்டதில்லை. அவர் பிளாஸ்டிக் கவரை எடுத்தார், கைக்குட்டையைப் பிரித்தார், மூடி போட்டபடியே மீட்டரை முடுக்கிவிட்டுப் பழக்கதோஷத்தில் பூஜ்ஜியத்துக்காகக் காத்திருந்தார்.

ஆயிரத்து எண்பது என்று வந்தது.

மூடியை இன்னும் அழுத்தினார். ஆயிரத்து எண்பது. மேசை இழுப்பறைக்குள் வைத்துச் சாத்தினார். ஆயிரத்து எண்பது. பிறகு, வேறு வழியில்லாமல், மூடியைத் திறந்தார். மூடிக்கும் குமிழுக்கும் நடுவில் நூல் இழுத்தது. முப்பது நாளுக்கு மேல் மூடிக்குள் அடைந்த வாசனை எழுந்து, அறை முழுக்க நிரம்பி, படியில் இறங்கி, ஜெராக்ஸ் கடையில் யாரோ "ச்சை" என்றது கேட்டது.

மாசிலாமணி அலமாரியிலிருந்து பதிவு நோட்டை எடுத்தார். அந்தக் கம்பெனிக்குப் பிறகு முப்பத்தொரு கம்பெனிக்குப் போயிருந்தார். ஒவ்வோர் இடத்திலும் கைக்குட்டையால் மூடியைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கழற்றி, குமிழைப் பார்க்காமல் மேசையில் வைத்து, எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார். முன் பூஜ்ஜியமும் இல்லை, பின் பூஜ்ஜியமும் இல்லை. முப்பத்தொரு கம்பெனி, அறுநூற்றுச் சொச்சம் மேசை, அத்தனைக்கும் ஆயிரத்து எண்பது. அந்த நோட்டின் ஓரத்தில் அவரே பென்சிலால் எழுதியிருந்தார்: 'இந்த வருஷம் ஊரில் வெளிச்சத்தின் தரம் மெச்சும்படி உயர்ந்திருக்கிறது.'

தயிருக்குக் கால் கரண்டி உறை போதும். அந்தக் கால் கரண்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மேசை மேசையாகத் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டு வந்தவர், பஸ்ஸில் கம்பியைக்கூடத் தொடாத மாசிலாமணி. ஊர் அதைக் காற்று என்றது.

அவருக்கு வாந்தி வரவில்லை. வெளியிலிருந்து உள்ளே போனதை வெளியே தள்ளலாம். தன்னையே ஒருவன் எப்படி வாந்தியெடுப்பது?

"அளக்கலீங்களா?" என்றாள் வேலாத்தா, கண்ணை மூடியபடியே.

"உங்களை அளக்கறதுக்கு என்கிட்ட மீட்டர் இல்லீங்கம்மா."

"அது கையில வச்சிருக்கறது?"

"இதுக்கும் உங்களுக்கு வந்த சீக்குத்தான். மூடினா இருட்டு வர மாட்டேங்குது."

அவள் கண்ணைத் திறந்து மீட்டரைப் பார்த்தாள். கூடப் பிறந்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பாவம்" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் மாசிலாமணி முப்பத்திரண்டு கடிதம் எழுதினார். எல்லாவற்றிலும் ஒரே இரண்டு வரி: 'பின் பூஜ்ஜியம் பார்க்கப்படவில்லை, பார்த்தபோது வரவில்லை. ஆகவே நான் கொடுத்த அளவு செல்லாது.' நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கண்ணைப் பற்றியும் இல்லை. அதற்கு அலகு இல்லை. பூஜ்ஜியத்துக்கு உண்டு.

மறுநாள் காலையில் பொங்கியண்ணன் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

"என்னங்ணா இது? நாளான்னிக்கு லோடு போகோணும்! உங்க மீட்டர் கெட்டுப்போச்சுன்னா புதுசு வாங்கி அளங்க."

"புதுசுலயும் உங்க ஹாலுக்குள்ள வந்தா பூஜ்ஜியம் நிக்காதுங்க."

"பூஜ்ஜியத்த வச்சு நா என்ன பண்றது? ஆயிரம் கேட்டாங்க, ஆயிரத்து எண்பது வருது. எண்பது சேத்தியே குடுத்திருக்கறேன். இல்லாத ஒண்ணு இல்லீன்னு தெரியறதுக்கு ஒரு கையெழுத்தா?"

"ஆமாங்க."

"கேடயம் குடுத்துட்டாங்கண்ணா!"

"திருப்பிக் குடுத்துருங்க. அந்தச் செடி பிளாஸ்டிக்குத்தானே, வாடாது."

பத்தொன்பது வருஷத்தில் மாசிலாமணி சொன்ன முதல் கிண்டல் அது. பொங்கியண்ணன் அவரை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மாசிலாமணிக்கு அந்தப் பார்வை பழக்கமானதுதான். ஆனால் இதுவரை அவர்தான் மற்றவர்களை அப்படிப் பார்த்திருக்கிறார்.

காகிதம் இல்லாமல் லோடு ஏறாது. ஹாலை மூன்று நாள் மூடினார்கள். மற்ற முப்பத்தொன்றில் பன்னிரண்டு கம்பெனி, முனகிக்கொண்டே, அதேபோல மூடியது. பத்தொன்பது கம்பெனி, பூஜ்ஜியமெல்லாம் பார்க்காத ஒருவரைப் பக்கத்து ஜில்லாவிலிருந்து வரவழைத்து, ஒரே மத்தியானத்தில் பத்தொன்பது பாஸ் வாங்கிக்கொண்டது. அங்கே இன்றைக்கும் அந்த வெளிச்சத்தில்தான் துணி பார்க்கிறார்கள். புதுப் பனியனைப் பிரிக்கும்போது கழுத்தோரம் ஏதோ நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதென்று பிடித்து இழுக்கிறீர்கள், அது அறாமல் வழவழவென்று வந்துகொண்டே இருக்கிறது என்றால், தயவுசெய்து முகர்ந்து பார்க்காதீர்கள்.

ஹாலைக் கழுவும் வேலை பெண்கள் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்? "ஒருத்தி தூங்கறதுக்காக ஒரு ஹாலையே மூட வச்சிட்டியேடி, மகராசி" என்று வேலாத்தாவைத் திட்டிக்கொண்டே, தேங்காய் நார், புளி, அடுப்புச் சாம்பல், இரண்டு தோசைத் திருப்பி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்தவள் ரெஜினாமேரி. ஜன்னல் அட்டையைப் பிய்த்தபோது நான்கு வருஷத்துப் பழைய வெளிச்சம் தொப்பென்று தெருவில் விழுந்தது; ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டு, எதையும் தின்னும் அந்த நாய், திரும்பிப் போய்விட்டது. சுவரில் மேல் அடுக்கு கூழாக வந்தது, அதற்கடுத்தது பிசினாக, அடியில் இருந்தது பழைய நெய்க்கறைபோலக் கெட்டியாக. சுரண்டச் சுரண்ட அவர்கள் கண்களிலிருந்தும் மஞ்சளாகக் கொழகொழவென்று வடியத் தொடங்கியது. முந்தானையால் துடைத்து உதறிவிட்டுச் சுரண்டினார்கள். பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுபோய்ச் சாயக் கால்வாயில் ஊற்றினார்கள். அன்றைக்குப் பச்சை நிறத்தில் போய்க்கொண்டிருந்த கால்வாய் அதையும் வாங்கிக்கொண்டு ஆற்றை நோக்கிப் போனது. ஆறு மறுப்புச் சொல்லவில்லை. அது இதைவிடக் கேவலமானதையெல்லாம் விழுங்கிப் பழகியிருந்தது.

இரண்டாம் நாள் மாசிலாமணி வந்தார். வாசலில் நின்று சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார்.

"கிளவுஸ் கொண்டாந்தீங்களா சார்?" என்றாள் ரெஜினாமேரி.

"இல்லம்மா."

"அப்ப தள்ளி நின்னு பாருங்க. உங்களுக்கு ஆகாது."

அவர் ஏழாம் மேசைக்கு அடியில் குனிந்து, தோசைத் திருப்பி நுழையாத மூலையில், விரலை விட்டார். அது வெதுவெதுப்பாக இருந்தது. நகத்துக்கடியில் ஏறியது. அவர் முகம் கோணியது, கண்ணில் நீர் வந்தது, தோள் இரண்டும் குலுங்கின, விரலை எடுக்கவில்லை. முழங்கைவரை விட்டு, ஒரு கை நிறைய வழித்தெடுத்து, பக்கெட்டில் போட்டார். பிறகு மறுபடி விட்டார். அருவருப்பு குறைந்ததா என்றால் இல்லை, கடைசிவரை குறையவே இல்லை, அதோடுகூடவே வழித்தார். அவர் இன்னொரு முறை வெளியே போய்க் கால்வாய்க் கரையில் குனிந்துவிட்டு வந்ததை எல்லோரும் பார்த்தும் யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குள் சுவரில் சுண்ணாம்பு தெரிந்தது. ட்யூபுகளைத் துடைத்து மாட்டி, ஆனால் போடாமல் வைத்திருந்தார்கள். மாசிலாமணி மீட்டரைப் புளியும் சாம்பலும் போட்டு ஏழு தடவை கழுவிக் கொண்டுவந்திருந்தார். ஆயிரத்தை அளக்குமுன் ஹாலிலேயே பூஜ்ஜியம் பார்க்க வேண்டும், மூடியைப் போட்டு அல்ல, திறந்து வைத்து, என்றார். விதியில் இப்படி ஒன்று கிடையாது. பொங்கியண்ணன் ஜன்னல் அட்டைகளை மறுபடி பொருத்தச் சொன்னார். மற்றப் பெண்களின் கண்கள் வடிந்து முடிந்திருந்தன. அவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் டீ குடிக்கப் போனார்கள். வேலாத்தாவுக்கு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

"நீங்க இருங்கம்மா" என்றார் மாசிலாமணி. "உங்க மேசையிலதான் வைக்கப்போறேன்."

அவள் ஏழாம் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். குமிழ் மேசைமேல் இருந்தது. மாசிலாமணி இரண்டடி தள்ளி நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி அட்டையைப் பொருத்தும்போது இருபத்திரண்டு, அது அழுந்தும்போது ஒன்பது, ஓரத்தில் துணியைத் திணிக்கும்போது மூன்று. பிறகு எண் தெரியவில்லை.

அவர் மீட்டரை மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான், பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, ஒரு விஷயம் அவருக்குப் பிடிபட்டது: அந்த மீட்டரின் திரைக்குச் சொந்த விளக்குக் கிடையாது. அறையில் பூஜ்ஜியம் வந்தால் வந்த பூஜ்ஜியத்தைப் படிக்க முடியாது. படிக்க முடிந்தால் அது பூஜ்ஜியமில்லை. இத்தனை வருஷமும் அவர் பார்த்த பூஜ்ஜியமெல்லாம் ஒரு மூடிக்குள் இருந்த, மொச்சைக்கொட்டை அளவு இருட்டின் பூஜ்ஜியம். ஒரு ஹால் நிறைய அது வந்தபோது அதைப் பார்க்க அவரிடம் ஒன்றுமில்லை.

தீக்குச்சி கிழித்துப் பார்க்கலாம். கிழித்தால் போய்விடும்.

"ஏனுங்கம்மா" என்றார், இருட்டைப் பார்த்து. "வந்துருச்சுங்களா?"

எங்கேயோ ஒரு சொட்டு, சிமெண்டுத் தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு விழவில்லை.

"கண்ணத் தொறந்தாலும் இதேதானுங்க" என்றது வேலாத்தாவின் குரல், மெதுவாக. "மூடினாலும் இதேதான். ரெண்டும் ஒண்ணாயிருச்சுங். வந்துருச்சு."

மாசிலாமணி சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். கட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று விரலால் தடவிப் பார்த்தார். காகிதம் எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருந்தது. அவர் விரலில் இன்னும் அந்த வாசனை இருந்தது, அது போக இன்னும் ஒரு மாதமாகும். கண்ணால் பார்க்காத ஓர் எண்ணை, ஏழாம் மேசைக்காரி சொன்னாள் என்ற ஒரே ஆதாரத்தில், எங்கே எழுதுகிறோம் என்று தெரியாமல், வட்டமாக ஒருமுறை சுழித்தார்.

பொங்கியண்ணன் வெளியிலிருந்து கதவைத் தட்டினார். "ஆச்சுங்களாண்ணா? லைட்டப் போட்றலாமா?"

வேலாத்தாவின் தலை மேசைமேல் சாய்ந்த சத்தமும், சற்றுப் பொறுத்து, வாயைத் திறந்து தூங்குகிற ஒருத்தியின் அழகில்லாத குறட்டையும் கேட்டன.

"இன்னும் இல்லீங்க" என்றார் மாசிலாமணி. "அளந்துட்டிருக்கறேன்."